றொஷேலுக்குச் சுரந்த பால்

பெப்ரவரி 11, செவ்வாய்

பிரசவ லீவு இன்னும் இருக்கிறது. ஆனாலும் பள்ளிக்கூடம் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய?

பத்தாம் ஆண்டுக்கு விஞ்ஞானம். உயிருள்ளவற்றின் இயல்புகள் – அசைவு, சுவாசம், போசணை, வளர்ச்சி, உறுத்துணர்ச்சி, கழிவகற்றல், இனப்பெருக்கம். கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள்.

என் மகள் வயிற்றுக்குள் அசைந்தாள், வளர்ந்தாள். கோயில் வெடிச் சத்தத்துக்குத் துள்ளினாள். வெளியே வந்து ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை. உயிருள்ளது, உயிரற்றது – அவளை எந்தப் பக்கம் எழுதுவது?

பெப்ரவரி 12

பால் கட்டி நோகிறது. மாமி மல்லிகைப்பூ வாங்கிவந்து நெஞ்சில் வைத்துக் கட்டச் சொன்னார். "வத்திப்போகும் பிள்ளை. எல்லாம் மறந்துபோகும்."

கட்டிக்கொண்டேன்.

பெப்ரவரி 14

ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளைக்குப் பெயர் சொல்லக்கூடாது என்கிறார் மாமி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் "தங்கயில்லை" என்பதோடு முடித்துவிடுகிறார். பிள்ளை என்றுகூடச் சொல்வதில்லை.

நானும் கணவர் நிறோஜனும் பார்த்து வைத்த பெயர் றொஷேல். அவரும் சொல்வதில்லை. கடலுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

இன்று விலங்குகளின் பாகுபாடு. டிலோஜன் கடற்பசுவை மீன்களோடு சேர்த்து எழுதியிருந்தான். ஏன் பிழை என்று வகுப்பைக் கேட்டேன்.

"அது குட்டிக்குப் பால் குடுக்கும், ரீச்சர்," என்றாள் டினோஜா.

முலையூட்டி. சரி என்றேன். சட்டை நனைந்துவிட்டது. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி மணி அடிக்கும்வரை நின்றேன்.

பெப்ரவரி 18

ஒன்றுமில்லை. சோறு, நித்திரை.

பெப்ரவரி 19

எங்களோடு கணக்குப் படிப்பிக்கும் றிஸ்வி சேரின் மனைவிக்குக் கடும் காய்ச்சல். வவுனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தை போத்தலைத் தொடுகிறானே இல்லையாம்.

பின்னேரம் சேரின் உம்மா எருக்கலம்பிட்டியிலிருந்து ஓட்டோவில் பிள்ளையோடு வந்தார். "மகன் கேக்க வெக்கப்படுறான். அதான் நான் வந்தனான்."

"அவளே நொந்துபோய் இருக்கிறாள்," என்றார் மாமி.

நான் அறைக்குள் போய்க் கட்டை அவிழ்த்தேன். பூ வாடி ஒட்டியிருந்தது.

குடித்தான். நொந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

பெப்ரவரி 24, திங்கள்

தினமும் வந்தார்கள். நாளை தாய்க்காரி வீடு திரும்புகிறாள். போகும் முன் உம்மா கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஒண்டு கேக்கோணும் மகள். உங்கட பால் குடிச்சவனுக்கு உங்கட பிள்ளையள் கூடப்பிறந்த மாதிரி. எங்கட மார்க்கம் அப்பிடித்தான். பின்னுக்கு அவங்களுக்குள்ள கலியாணம் பேச ஏலாது. இனிப் பிறக்கிறதும் அப்பிடித்தான், பிறந்ததும் அப்பிடித்தான். மௌத்தான பிள்ளைக்கு என்ன பேர்?"

"அதுக்குப் பேர் இல்லை," என்றார் மாமி.

"றொஷேல்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

உம்மா பிள்ளையின் காதடியில் குனிந்தார். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். "உனக்கு ஒரு ராத்தா இருக்கிறா வாப்பா. றொஷேல் ராத்தா."

மாமி குசினிக்குள் போய்விட்டார்.

ஓட்டோ போன பிறகு அழுதேன். அவள் பிறந்த நாளிலிருந்து இன்றுதான். வாசலில் நின்ற நிறோஜன் வந்து பக்கத்தில் இருந்தார். "றொஷேல்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.