உன் அம்மாவின் பக்கத்தில் ஓர் இடம்

இன்று பகல் கூரியர்காரர் தடித்த உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்ததும் புது அச்சு மையின் வாடை குப்பென்று அடித்தது. உன் சபையின் ஆண்டுவிழா மலர். வழவழப்பான தாள், அட்டையில் தேவாலயத்தின் படம், உள்ளே பெரிய மனிதர்களின் வாழ்த்துரைகள். நடுப்பக்கத்தில் நீ.

உன் பணிநிறைவு நாளில் எடுத்த படம். நீலச் சேலை கட்டிக்கொண்டு, போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்தபடி சிரிக்கிறாய். பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள்; உன் தோளின் மேல் என் விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அது போகட்டும். படத்துக்குக் கீழே அச்சடித்திருந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'நமது சபையின் பெருமை. ஸ்காட்லாந்து தேசத்துத் துரை வம்சத்தில் வந்த அன்புச் சகோதரி.'

சகோதரியாம். நீ உயிரோடு வந்து ஆறடி மண் கேட்டபோது இந்தச் சகோதரி யார் கண்ணிலும் படவில்லையே.

சபைக் கமிட்டியின் செயலாளருக்கு உடனே போன் செய்தேன். "பெருமையாத்தானம்மா போட்டிருக்கோம், அதுக்கு ஏன் இப்படிப் பேஜாரு பண்றீங்க?" என்றார். போனை வைத்துவிட்டேன். இனி அவரிடம் பேசி ஆவது ஒன்றுமில்லை. உன்னிடம்தான் பேச வேண்டும். பேசாவிட்டால் இன்று எனக்குச் சோறு இறங்காது.

விழுப்புரம் ஜங்ஷனில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த கவுண்டர். நான் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி வருவேன். எங்கள் பிரம்மதேசத்து நிலத்தில் விளைந்த மல்லாட்டையை அவித்து எடுத்து வந்தால், டிக்கெட் கொடுத்துக்கொண்டே கடலையை உடைத்து உடைத்துப் பாதியைத் தின்று தீர்த்துவிடுவாய். உன் பூனைக்கண்ணைப் பார்த்து மயங்கி, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? "ஏன்யா, இங்கிலீஷ்ல கேட்டா ரயிலு சீக்கிரம் வந்துடுமா? ஜல்தியா ஊரச் சொல்லு, பின்னாடி ஆளு நிக்குது" என்றாய். வரிசை முழுவதும் சிரித்தது.

'வெள்ளைக்காரி' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் சொன்னார்கள். உனக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. உன் அம்மா ரயில்வே ஓய்வறைகளின் விரிப்புகளைத் துவைத்தே உன்னை வளர்த்தவர். அப்பா எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். ரயில் பாதை ஓரத்துச் சிற்றூரில் இருந்த உங்கள் வீட்டை ஊரில் 'மக்கர வூடு' என்பார்கள். மக்ரே என்ற குடும்பப் பெயர் அப்படித் தேய்ந்திருந்தது. தாத்தாவுக்குத் தாத்தா ஸ்காட்லாந்துக்காரர், ரயில் லைன் போட வந்தவர் என்று உன் அம்மா சொன்னால், "வந்த மனுசன் நமக்கு ஒரு மாடி வூடு கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று நீ கேலி செய்வாய். உன் முன்னோரைப் பற்றி நீ பேசியது அவ்வளவுதான்.

கண்டாச்சிபுரத்துப் பஸ் மெக்கானிக் ஒருவரை நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டாய். அவர் திருநீறு பூசுகிறவர். சபையின் உறுப்பினர் ஏட்டிலிருந்து உன் பெயரை அடித்துவிட்டார்கள். நீயோ ஞாயிறு தவறாமல் போனாய். கடைசிப் பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாய். திருவிருந்துக்கு அம்மா எழுந்து முன்னே போவார். நீ உட்கார்ந்தே இருப்பாய். "உனக்குக் கோவம் வரலியாடி?" என்று நான் கேட்டதற்கு, "எங்கம்மா திரும்பி வந்து என் கையப் புடிச்சிக்கும். எனக்கு அது போதும்" என்றாய். எனக்கு அப்போதே கோபம் வந்தது.

அம்மா இறந்தபோது கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய முள்வேலி ஓரமாக அடக்கம் செய்தார்கள். பக்கத்தில் ஓர் ஆள் கொள்ளும் இடம் காலியாக இருந்தது. அதை நீ அன்றே பார்த்து வைத்துவிட்டாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். வெளியே வந்து இளநீர் குடித்துக்கொண்டே, "சரி, எடத்தக் கேட்டு வெச்சிடலாம்" என்றாய், ஏதோ ரிசர்வேஷன் செய்வதைப்போல. இருவருமாகச் செயலாளர் வீட்டுக்குப் போனோம். அவர் ஊஞ்சலில் இருந்து எழவில்லை. நாம் நின்றுகொண்டே பேசினோம்.

"நீங்க மெம்பரே கெடயாதேம்மா. கல்யாணத்தப்பவே பேர எடுத்தாச்சு."

"எங்கம்மா அங்கதான படுத்துக்கினு இருக்குது? அது பக்கத்துல எடம் இருக்குதுங்க."

"அம்மா மெம்பரு. நீங்க இல்ல. வேணும்னா, பரம்பரைச் சபைக் குடும்பம்னு பழைய ரெக்கார்டுல இருந்து காட்டுங்க. கமிட்டியில பேசிப் பாக்கறேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் ரெக்கார்டு கேட்கிறான். நான் வாயைத் திறந்தேன். நீ என் கையைக் கிள்ளினாய்.

அப்படித்தான் உன் சாவுக்கு இடம் வாங்க, செத்தவர்களின் ஏடுகளைத் திறந்தோம். இளம் போதகர் நல்லவர், கமிட்டியை மீறத் தெம்பில்லாதவர். அலமாரிச் சாவியை மட்டும் கொடுத்தார். தேவாலயத்தின் பின்னறை ஜன்னலோரம் மேசை போட்டுக்கொண்டோம். அடக்கப் பதிவேடுகளின் ஓரங்களைச் செல் அரித்திருந்தது. சாய்ந்து சாய்ந்து ஓடும் அந்தக் காலத்து இங்கிலீஷ் கையெழுத்தை நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். காய்ச்சல், காலரா, பிரசவம், மறுபடி காய்ச்சல். மாத்திரை போடும் வேளை வந்தால் நிறுத்துவோம்.

மக்ரேயைக் கண்டுபிடித்தபோது நான்தான் கத்தினேன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ரயில் பாதை வேலையின் மேற்பார்வையாளர், காய்ச்சலில் இறந்தார். நீ கண்ணைத் திறக்கக்கூட இல்லை. அதற்குச் சில பக்கம் முன்னால் ஒரு கைக்குழந்தையின் அடக்கம் எழுதியிருந்தது. மக்ரேயின் ஆண் குழந்தை.

"அம்மா பேரு?" என்றாய்.

"நேட்டிவ் பொம்பள ஒருத்தின்னு போட்டிருக்கு."

"பேரு இன்னான்னு கேட்டன்."

"பேரு போடல."

நீ எழுந்து வந்து, அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாய். "பேரு இல்லாமலா புள்ள பெத்தா? புள்ளைக்கு வாய்க்கரிசி போட்டப்ப எவனாவது பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பான் இல்ல?" என்றாய்.

அதன் பிறகு தேடுவது எளிதாகிவிட்டது. மக்ரேயின் இன்னொரு மகன், அவருடைய மகன், அவருக்கும் மகன் என்று அடக்கப் பதிவுகளே ஒன்றைத் தொட்டு ஒன்று உன் அம்மா வரைக்கும் வந்து சேர்ந்தன. ஆண்கள் எல்லோருக்கும் பெயரும் தொழிலும் இருந்தன. பெண்கள் இன்னாரின் மனைவி. சொந்தப் பெயரோடு எழுதப்பட்ட ஒரே பெண் உன் அம்மாதான். எழுதுவதற்குப் புருஷன் இல்லாததால்.

"போதும்டி, இத எடுத்துக்கினு போலாம்" என்றேன். நீ கேட்கவில்லை. அந்தப் பெயரில்லாதவளை எங்கே புதைத்தார்கள் என்று மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். அவள் எங்கேயும் இல்லை. குழந்தைக்குக் குழி உண்டு, மக்ரேக்குக் கல் உண்டு. அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. "கமிட்டிக்குப் போதும். எனக்குப் போதல" என்றாய்.

நகல்களோடு போனபோது நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். வெள்ளைக்காரப் பெயரைப் பார்த்ததும் அதே செயலாளர் ஊஞ்சலை விட்டு எழுந்தார். உனக்கு நாற்காலி வந்தது, காபி வந்தது. மனைவியைக் கூப்பிட்டு உன் கண்ணைப் பார்க்கச் சொன்னார். "தொர வம்சமா நீங்க? முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா! முன் வரிசையில, அவரு கல்லறைக்குப் பக்கத்துலயே எடம் தர்றோம்."

"நான் எங்கம்மா பக்கத்துல கேட்டன்."

"அது பின்பக்கமாச்சே. அந்தப் பக்கத்து ஜனங்க வேற. நாளைக்கு வெளிநாட்டுல இருந்து உங்க சொந்தக்காரங்க வந்து பாத்தா கவுரவமா இருக்க வேணாமா?"

நீ காபியைத் தொடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். இத்தனை வருடப் பழக்கத்தில் நீ குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"ஞாயித்துக்கெழம தவறாம உங்க கண்ணு முன்னாடி உக்காந்துக்கினு இருந்தன். அப்ப நான் யாருன்னு தெர்ல. எங்கம்மாவோட பொண்ணுன்னு சொல்லிக் கேட்டன், இல்லன்னுட்டீங்க. எவனோ சீமையில இருந்து வந்தவன் பேரக் காட்டினதும் நாற்காலி போடுறீங்க. கூட இருந்தவளோட பேரக்கூட எழுதி வெக்காத ஆளு அவன். அவன் பக்கத்துல போயி நான் படுக்கணுமா? நீங்களே படுத்துக்குங்க."

திரும்பி வர ரயிலுக்குக் காத்திருந்த பிளாட்பாரத்தில் நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஏடெல்லாம் புரட்டி வாங்கிய இடத்தை வேண்டாம் என்கிறாயே, செத்த பிறகு முன் வரிசை என்ன பின் வரிசை என்ன என்று கத்தினேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாய்: "நீயா இருந்தா வாங்கிப்பியா?"

"வாங்கிப்பேன்."

"பொய்யி" என்று சிரித்தாய்.

ஐப்பசி மழையில் நீ போனாய். உன் வீட்டுக்காரர் செயலாளரிடம் இன்னொரு முறை கேட்டார். முன் வரிசை வேண்டுமானால் உண்டு, பின்னால் கிடையாது என்று பதில். நீ முன்னமே சொல்லியிருந்தபடி கண்டாச்சிபுரத்தில் எரித்தோம். உன் கல்யாணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட அவர் வீட்டுப் பெண்கள், வீட்டில் பிறந்தவளுக்கு அழுவதைப்போல அழுதார்கள். அதையாவது நீ பார்த்திருக்க வேண்டும்.

மரக்காணத்துக் கடலில் கரைக்க அவர்கள் அஸ்தியை எடுத்து வைத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் அதில் கொஞ்சத்தை ஒரு சின்னக் கலயத்தில் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இன்னா பண்றதுன்னு தெர்லங்க" என்றார். "ஞாயித்துக்கெழம போலாம். ஆராதன முடியற நேரத்துக்கு" என்றேன்.

ஒளிந்துகொண்டு செய்ய நாம் என்ன திருடர்களா? சபை முழுவதும் வெளியே வந்துகொண்டிருக்கும்போது, நான் மண்வெட்டியோடும் அவர் கலயத்தோடும் அவர்களுக்கு நடுவே நடந்தோம். முள்வேலி ஓரம், உன் அம்மாவின் பக்கத்தில் நான் வெட்ட ஆரம்பித்தேன். மழையில் ஊறிய மண், சுலபமாக விட்டுக்கொடுத்தது. செயலாளர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா அக்கிரமம் இது? போலீசுல எழுதிக் குடுப்பேன்."

"குடுங்க. யாரப் பொதைச்சாங்கன்னு எழுதுவீங்க? உங்க ரெஜிஸ்டர்லதான் அவ பேரே இல்லியே!"

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. பாட்டுக் குழுவில் பாடும் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னும் சிலர். இளம் போதகர் கடைசியாக வந்தார். தலை குனிந்து நின்றார். உன் வீட்டுக்காரர் கலயத்தை வைத்தார். நான் மண்ணைத் தள்ளி மூடினேன். நீ கேட்ட இடத்தில்தான் இருக்கிறாய். யார் என்ன அச்சடித்தாலும் அது மாறாது.

விட்டுத்தள்ளு, போனவர்கள் போய்விட்டார்கள் என்கிறார்கள் என் பிள்ளைகள். ரத்த அழுத்தம் ஏறும் என்கிறார் டாக்டர். ஏறட்டும். நீ எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நான் சும்மா இல்லை, கேள்.

பிரம்மதேசத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. என் தம்பி கோயில் சுவரில் எங்கள் வம்ச வரிசையை எழுதுவதற்கு ஆள் பிடித்திருக்கிறான். போனில் படம் அனுப்பினான். கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி அவன் பேரன் வரை அத்தனையும் ஆண்கள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நம்ப அம்மா பேரு எங்கடா?"

"ஆம்பள வழிதாங்க்கா போடுவாங்க. காலங்காலமா அப்படித்தான்."

"அம்மா இல்லாம நீ எந்த வழியிலடா வந்த?"

என் வாயை அடைக்க அம்மாவின் பெயரைச் சேர்த்தான். அப்பாவைப் பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. இதில் கொடுமை, எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் அவளைப் பெரியாயி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று முழுவதும் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். மண்டகப்பட்டில் காது கேட்காத அத்தை ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் தொண்டை கிழியக் கத்திக் கேட்டதில், நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

பச்சையம்மாள்.

ஏட்டில் இல்லாத உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவளுடையது கிடைத்துவிட்டது. சுவரில் இடம் இல்லை என்று தம்பி முரண்டு பிடிக்கிறான். நாளைக் காலை முதல் பஸ்சில் பிரம்மதேசம் போகிறேன். அவர்கள் சாயம் குழைக்கும் முன்பே அந்தச் சுவருக்கு எதிரில் போய் நிற்பேன்.