கினாசிக்கு நான் போட்ட சிவப்பு

மார்ச் 4
பேராசிரியர் ஹர்தினி இன்று வேலையைப் பிரித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்கெல்லாம் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சொல்லும் பதினொரு ஆய்வுகள். நானும் சக ஆய்வாளன் பிரசோஜோவும் தனித்தனியே படித்து, எது எவ்வளவு ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று நிறம் போட வேண்டும். சாய்வில்லை என்றால் பச்சை, தெளிவில்லை என்றால் மஞ்சள், சாய்ந்திருந்தால் சிவப்பு. அதில் ஒன்று கினாசியுடையது. அதனால் அவள் நிறம் போடக்கூடாது.

"கினாசி ஆய்வுதான் இதுக்கு முதுகெலும்பு. பாங்காக் மாநாட்டுல அவளே பேசட்டும்" என்றார் பேராசிரியர்.

அவளும் நானும் ஒரே வருடம் சேர்ந்தோம். பக்கத்து மேசை. வாழ்த்தினேன். கை குளிர்ந்திருந்தது. என் கைதான்.

மார்ச் 7
மற்ற கட்டுரைகளை ஒருமுறை படித்தேன். அவளுடையதை மூன்று முறை.

மார்ச் 8
கிடைத்துவிட்டது.

பருமனானவர்களுக்கே அழுத்தம் அதிகம் ஏறுகிறது என்பது அவள் முடிவு. ஆனால் சிறுநீர்க் குழாய் வழியாக அழுத்தம் பார்த்தது எல்லா நோயாளிக்குமா, வயிறு உப்பித் தெரிந்தவர்களுக்கு மட்டுமா? ஒரு வரிகூட இல்லை. உப்பியவர்களுக்கு மட்டும் என்றால், பருமனானவர்களைத்தான் அதிகம் அளந்திருப்பார்கள். தேடிய இடத்தில்தானே கிடைக்கும்.

சிவப்பு. போட்டபோது ஒரு இனிப்பு. அதற்கு என்ன நிறம்?

மார்ச் 12
கேன்டீனில் பிரசோஜோவோடு ஒப்பிட்டேன். அவன் கினாசிக்குப் பச்சை.

"என்னம்மா நிங்ரும், இவ்ளோ கோவம்? சோத்தோ சூப்புல மிளகா அதிகமா?"

"யாரை அளந்தாங்கன்னே எழுதல. கண்ணுக்குத் தெரியல?"

"சரி, ஒத்துக்கிறேன். நான் கவனிக்கல." குனிந்து என் தாளைப் புரட்டினான். "இந்த ஹனோய் ஆய்வுக்காரங்களும்தான் எழுதல. அவங்களுக்கு ஏன் பச்சை?"

சூப் ஆறிப்போயிற்று.

"அவ பேரை மறைச்சிட்டுக் குடுத்திருந்தா என்ன போட்டிருப்பே?" சிரிக்காமல் கேட்டான். அதுதான் வலித்தது.

எழுதாமல் விட்டதற்குச் சிவப்பு போட முடியாது. மஞ்சள்தான். பிறகு ஆய்வாளரிடமே கேட்க வேண்டும். விதி அப்படி. எனக்குத் தெரியாத விதியா?

மார்ச் 13
இரண்டு மின்னஞ்சல். ஒன்று ஹனோய்க்கு. இன்னொன்று கையெட்டும் தூரத்தில் வறுத்த தெம்பே தின்றுகொண்டிருப்பவளுக்கு. 'மதிப்பிற்குரிய டாக்டர் கினாசி அவர்களுக்கு.' அவள் கணினி டிங் என்றது. படித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 15
பதில் இல்லை. 'எல்லாருக்கும் அளந்தோம்' என்று எழுதிவிடுவாள். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? பச்சையாகிவிடும். பாங்காக்குக்குப் பட்டுக் கெபாயா உடுத்திக்கொண்டு போவாள்.

ஏன் இப்படி நினைக்கிறேன்? நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன் என்பதாலா?

மார்ச் 18
பதில் வந்தது. ஹர்தினிக்கும் நகல் போட்டிருக்கிறாள்.

'எல்லாருக்கும் அளக்கவில்லை. ஆள் போதவில்லை. வயிறு இறுகித் தெரிந்தவர்களுக்கு மட்டும் அளந்தோம். கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும்.'

மாலை, வண்டி நிறுத்துமிடத்தில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "என் வீட்டுக்காரர் தலைப்போட நிறுத்திட்டாரு. பேராசிரியர் சுருக்கத்தைத்தான் படிச்சாங்க. நீ ஒருத்திதாண்டி முழுசாப் படிச்சிருக்கே."

"கினாசி, நான் வந்து—"

"நீ எந்த மனசோட படிச்சேன்னு தெரியும், விடு. பக்கத்து மேசையில மூணு வருஷமா உக்காந்திருக்கேன். கேள்வி சரியான கேள்வி."

வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். நான் கோட்டு போட மறந்து நனைந்தேன்.

மார்ச் 21
ஹனோயிலிருந்து பதில் இல்லை. மஞ்சள்.

கினாசியின் ஆய்வு முக்கியக் கணக்கிலிருந்து விலகுகிறது. பாங்காக்கில் நான் பேசுவேனாம். ஹர்தினி சொன்னபோது கினாசி முதலில் கை தட்டினாள். பொறாமை போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அவளால் அந்த நான்கு வரியை எழுத முடிந்ததே — அதன்மேல்.

அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே மறுபடி சிவப்பு போட்டேன். அதே சிவப்பு. காரணம் எழுதும் கட்டத்தில் முன்பு அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டே சொல் வைத்தேன்:

ஆய்வாளரே தெரிவித்தது.