இரண்டாம் தடவை எடுத்த இரத்தம்

18 பெப்ரவரி 2024

முதுமாணிப் பட்ட ஆய்வின் முதல் சுற்று முடிந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்கள் எல்லோரையும் சர்ச் மண்டபத்துக்கு வரச்சொல்லி நானே இரத்தம் எடுத்தேன். மடுல்சீமையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஐஸ் பெட்டி என் மடியில்.

பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் இரத்தத்தில் ஒரு நொதியம் குறையும். மருந்தடிக்கும் காலத்துக்கு முன்னும் பின்னும் அதை அளக்கிறேன். நான் படிக்கும் நச்சியல் என்றால் என்ன என்று அம்மா கேட்டார். “அண்ணன் முதுகுல சுமக்குதே, அதப் பத்தின படிப்பு” என்றேன்.

“அதுக்குப் படிப்பு வேறயா?”

2 மார்ச்

அண்ணன் றொபின்சனின் நொதிய அளவு இப்போதே குறைவு. வருடக்கணக்காக ஏறியது. கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொண்டுபோய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

“டாக்டரம்மா, இதப் போட்டா பீடி எப்படிக் குடிக்கிறது?” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த வேலையை யாரும் விடமாட்டார்கள். மருந்தடிப்பு அரை நாளில் முடியும், மிச்ச நேரம் சொந்த கரட் பாத்தி. தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு அது தெரியும்.

30 மே

இரண்டாம் சுற்று. ஆய்வுகூடத்தில் என் முறை வந்ததால் போக முடியவில்லை. தோட்ட டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்தவர் எடுத்து அனுப்பினார். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில், ஆட்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்களாம். வசதிதான்.

8 ஜூன்

கூடியிருக்கிறது. அநேகமாக எல்லோருக்கும். அண்ணனுக்குத்தான் மிக அதிகம்.

என் மேற்பார்வையாளர் தயானி மேடம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “மருந்தடிச்ச பிறகு கூடுமா?” கையுறை, முகமூடி, நான் எடுத்த வகுப்பு என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் மேலே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. லயத்தில் பிறந்தவள் லயத்தையே மாற்றிவிட்டாள் என்ற நினைப்பு.

21 ஜூன்

துரைக்கு இரண்டு சுற்றின் அளவுகளோடு அறிக்கை கொடுத்தாயிற்று. கையெழுத்துடன்.

14 ஜூலை

அம்மா ஃபோனில்: “ஒன் கடுதாசிய பெரட்டுக்களத்துல ஒட்டியிருக்காங்க. மருந்தால ஒண்ணும் ஆகாதுன்னு கெம்பஸ்லயே சொல்லிட்டாங்களாம். இனி மாசத்துக்கு ஒரு தரம் கூடுதலா அடிக்கணுமாம்.”

நான் அப்படி எழுதவில்லை. ஆனால் அதற்குத்தான் அது உதவியிருக்கிறது.

4 ஆகஸ்ட்

பதுளை ஆஸ்பத்திரி. அண்ணன் நேற்று மலையிலேயே விழுந்துவிட்டார். வேர்வை, வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை அளவு. பாடப் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி. ஆனால் கேஷானி அண்ணி டாக்டரிடம், “மருந்தால இல்லைங்க, இவரு ரத்தம் நல்லாருக்குன்னு எங்க நாத்தனாரே எழுதிக் குடுத்திருக்காங்க” என்று சொல்லியிருக்கிறார். வேறு நோய் தேடிக் கொஞ்ச நேரம் போயிருக்கிறது. பிறகுதான் நஞ்சுக்கான மாற்று மருந்து.

இன்று கண் திறந்தார். அண்ணி தேத்தண்ணி வாங்கப் போனதும் கேட்டேன்.

“கையுறை போட்டியா?”

“ரெண்டு நாள் போட்டேன்.”

“அப்ப எப்படிண்ணே கூடுச்சு?”

சுவரைப் பார்த்தார். “அண்ணிக்குத் தெரியாது. அது றிச்சர்ட் ரத்தம்.”

றிச்சர்ட், அண்ணியின் தம்பி. டவுன் கடையில் நின்றவன். ரத்தம் கெட்டவனை மருந்தடிப்பிலிருந்து தூக்கி முழு நாளும் புல்லு வெட்டப் போடுவோம் என்று முதல் நாளே கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டாராம். அதனால் ஆளாளுக்குத் தம்பியை, மச்சானை நிறுத்தியிருக்கிறார்கள்.

“கணக்கப்பிள்ளைக்கு மூஞ்சி தெரியாதா?”

“தெரியும். பேரக் கூப்புட்டாரு, ஆளு வந்துச்சு. அவ்வளவுதான்.” பிறகு மெதுவாக, “நீ வந்திருந்தா மாத்தியிருக்க மாட்டோம். நீ வரல.”

5 ஆகஸ்ட்

கோபம் யார்மேல்? தெரிந்தே பேர் வாசித்தவன்மேல். மருந்து விற்பவன்மேல். சரி, என்மேல்? மருந்தடித்தவன் இரத்தத்தில் நொதியம் கூடினால் சந்தேகப்படணும்னு முதல் வருஷப் புள்ளைக்குக்கூடத் தெரியும்டி. ஏன் பாக்கல? பாக்க விருப்பமில்ல. அதான்.

19 ஆகஸ்ட்

தயானி மேடத்திடம் எல்லாம் சொன்னேன். இரண்டாம் சுற்று முழுவதும் நீக்கம். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகிறது. அவர் திட்டவில்லை. “நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றார்.

துரையிடம் இரத்தம் மாறியதைச் சொல்லி நோட்டீஸைக் கழற்றக் கேட்டேன். “கையெழுத்து ஒங்களோடதுதானே, மிஸ்? இப்ப ஆளு மாறிப்போச்சுன்னா, ஏமாத்தின எல்லார் மேலயும் நடவடிக்கை எடுக்கணும். எடுக்கவா?”

எழுந்து வந்துவிட்டேன். அது இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது.

6 ஒக்டோபர்

ஞாயிறு. பெட்டியோடு லயம் லயமாக நானே போனேன். பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை.

அண்ணனைப் புல்லு வெட்டப் போட்டுவிட்டார்கள். கத்தி கையில் நிற்பதில்லை. அவருடைய மருந்து டாங்கியை நாளையிலிருந்து றிச்சர்ட் தூக்குகிறான். டவுன் கடை மூடிவிட்டது, வேறு வேலை இல்லை. கணக்கப்பிள்ளைதான் கூப்பிட்டாராம்: “ஒன் ரத்தம்தான் நல்ல ரத்தமாச்சே, வா.”

அம்மாவின் அடுப்பங்கரையில் றிச்சர்ட் வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான். வேண்டாம், போகாதே என்றேன். “போகலன்னா வேற வேலை நீங்க தருவீங்களா?” என்றான். கையில் பட்டியைக் கட்டினேன். நரம்பு நன்றாகத் தெரிந்தது. இரத்தம் எடுத்துக் குழாயை மூடினேன்.

“இந்தத் தடவ எம் பேரையே எழுதுங்க, டாக்டரம்மா.”

எழுதினேன்.