கை வலிக்குதா

அம்மாவுக்கு நர்மதா எழுதுவது. ஒரகடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டிவலி குறைந்ததா? வெள்ளிமலையில் குளிர் ஆரம்பித்திருக்குமே, சால்வை போர்த்திக்கொள்.

ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதே. சாமை புடைக்கிற வீடியோ ஒன்று நீ அனுப்பி, நான் நம் சேனலில் போட்டேனே, அதற்குப் பதினெட்டு வியூஸ். பதினெட்டும் நான்தான். அதை ஒரு பெரிய சேனல்காரன் எடுத்துப் போட்டிருக்கிறான். இரண்டே நாளில் பன்னிரண்டு லட்சம் பேர்! உன் பெயரைக்கூடப் போடவில்லை, தடிமாடு.

கீழே ஆயிரம் பேர் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "செல்லப் புடிச்சிகினு அவங்க பின்னாடியே போறது யாருங்க?"

செல்லைக் குடத்தில் சாய்த்து வைத்துத்தானே எடுக்கிறாய்? வீட்டில் நீ ஒருத்திதானே? மறுபடி பார்த்தேன். நீ முறத்தோடு களத்திலிருந்து வாசலுக்கு நடக்கிறாய். படமும் உன் கூடவே நடக்கிறது. பதினெட்டு முறையும் நான் உன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

போன் செய்தால் யார் எடுப்பார்களோ என்றுதான் எழுதுகிறேன். பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடு. எனக்கு ஒரு படி சாமை எடுத்து வை, லீவு கேட்டிருக்கிறேன்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் அம்மா. ஒவ்வொரு வீடியோ முடிவிலும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "கை வலிக்குதா? போதும்" என்கிறாயே. நாளெல்லாம் மெஷினில் நிற்கிற என்னைத்தான் கேட்கிறாய் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நர்மதா