நைஸாகச் சொன்னார்கள்

என் அக்கா மில்லிலிருந்து கேழ்வரகு மாவு வாங்கி வந்திருந்தாள். சூடு ஆறாத மாவின் வாசனை வீடு முழுக்க. “நைஸா அரைச்சுக் குடுத்துக்கிறான், தொட்டுப் பாரு” என்றாள். தொடவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, வேறெதுவும் தோன்றாமல் “நைஸா இருக்கீங்க” என்றேன். இங்கிலீஷ் டீச்சரான நீ அங்கேயே பாடம் எடுத்தாய்.

“அது லத்தீன்லேருந்து வந்த வார்த்தை. ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். அப்புறம் முட்டாள்னு ஆச்சு. அப்புறம் எல்லாத்துக்கும் நொட்டை சொல்றவன். அப்புறம் துல்லியமானவன். நல்லா இருக்குதுன்னு ஆனது கடைசியிலதான்.”

“நான் எதுல சேர்த்தி?”

“பார்த்துட்டு சொல்றேன்.”

கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாய். தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. தலைமுடி அளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். “நொட்டையும் நீதான்யா, துல்லியமும் நீதான்” என்று சிரித்தாய். நம்மவர்கள் அந்த வார்த்தைக்கு நழுவுவது, ஏய்ப்பது என்ற அர்த்தங்களையும் சேர்த்துவிட்டதில் உனக்கு ஒரே குஷி.

நீ பள்ளியில் மயங்கி விழுந்த அன்று ஒரகடத்தில் வேலையில் இருந்தேன். உன் தம்பி போன் செய்தான்.

“அக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குது மாமா. டென்ஷன் ஆவாம வாங்க.”

அப்போதே நீ இல்லை. தூரத்தில் இருப்பவனுக்கு நம் ஊரில் சாவைச் சொல்ல மாட்டார்கள். சீரியஸ் என்று வரவழைப்பார்கள். வழியில் அவனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதாம். இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நம்பினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உனக்குச் சாத்துக்குடி வாங்கினேன். புளிக்காதே என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டேன்.

நம் தெருமுனையில் திரும்பினால் சாமியானா. கட்டியவனுக்குத் தெரியும், நாற்காலி இறக்கியவனுக்குத் தெரியும். நீ சொன்ன லத்தீன் அர்த்தப்படி ஒன்றும் தெரியாதவன் நான் ஒருவன்தான். யாரோ என் கையிலிருந்து பையை நைஸாக வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது நம் மகளுக்கும் அதையே செய்கிறார்கள். சாவன்று அவளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மா மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அக்கா சொல்லி வைத்திருக்கிறாள். இன்று அமாவாசை. அந்தக் கோயிலுக்கு விட்ட ஸ்பெஷல் பஸ் ஒவ்வொன்றும் திரும்பி வரும்போது பிள்ளை வாசலுக்கு ஓடுகிறது.

“இன்னாத்துக்குக்கா பொய் சொல்ற?”

“கொழந்தைடா. பெருசாவட்டும், நைஸா சொல்லிக்கலாம்.”

வாசலுக்குப் போனேன். மகள் ஒரு பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அம்மா செத்துப்போச்சு கண்ணு. எந்த பஸ்லயும் வராது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

என் முகத்தையே பார்த்தாள். “நைனா, உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலம்மா.”

அதற்குப் பிறகுதான் அழுதாள். என் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். அக்கா என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நீ போனதிலிருந்து மரத்துக் கிடந்த இடம் அது. பிள்ளை குத்தியது இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.