லிவா என்று சொல்லிவிட்டு மசாய் மாரா போனவருக்கு

அண்ணே,

இன்று காலை உங்கள் மேசை டிராயரைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த இடத்துக்குப் புது ஆள் வருகிறாராம். பழைய பிரோஷர்களுக்கு அடியில் உங்கள் காக்கித் தொப்பி கிடந்தது. சும்மா இல்லாமல் உதறினேன். கென்யாவின் மசாய் மாரா ரோட்டுச் செம்புழுதி, துபாய் தேராவில் ஏசி ஓடும் ஆபீசில், என் கீபோர்டு மேல் கொட்டியது. தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரி டிஷ்யூ நீட்டினாள். அழவில்லை, எனக்குக் கோபம். செத்துப்போனவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். நீங்கள் செய்துவைத்த காரியம் அப்படி.

நாம் இருவரும் சஃபாரி விற்றவர்கள். துபாயில் சஃபாரி என்றதும் எல்லாரும் மணல்மேட்டில் வண்டி ஓட்டி, ராத்திரி கபாப் தின்பதைத்தான் நினைப்பார்கள். நீங்கள் உடனே திருத்துவீர்கள். "அது மணல்ல குலுங்குறது சார். நான் சொல்றது நெசமான சஃபாரி. கூடாரத்தத் திறந்தா ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பாக்கும்." அப்போது நீங்கள் நேரில் பார்த்த பெரிய மிருகம் கோயில் யானையும் ஒட்டகமும்தான். நான் மேசைக்கு அடியில் உங்கள் காலை மிதிப்பேன். வாடிக்கையாளர் போனதும், "பொய்யில்ல தங்கச்சி, பிரோஷர்ல போட்டிருக்கான்ல" என்று சிரிப்பீர்கள்.

கென்யாவில் நமக்குப் பயணம் ஏற்பாடு செய்துதரும் கம்பெனி, நம் ஆபீசிலிருந்து இரண்டு பேரை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னது. பார்த்தவர்கள்தானே நன்றாக விற்பார்கள்! டிக்கெட், தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. நம் மேனேஜர் மட்டும் ஒரு கொக்கி போட்டார்: போகிற ஒரு வாரம் நம் வருடாந்திர லீவில் கழியும். நான் அன்று சாயங்காலமே ஷார்ஜாவில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தாராளமாப் போயிட்டு வா. சிங்கத்துக்கிட்ட மட்டும் வாயக் குடுக்காத, பாவம்" என்றார். முடிந்தது கதை. மறுநாள் உங்களிடம், "மதினிகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். "ம், சொல்லியாச்சு" என்றீர்கள். நான் நம்பினேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்ஃப்காரனின் லீவு அவனுடையதா என்ன? கொழுந்தியாள் கல்யாணம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, மச்சினன் வீட்டுப் பால் காய்ச்சு என்று விமானம் ஏறும் முன்பே ஆளாளுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். அதில் ஒரு வாரத்தைத் தனக்கென்று எடுப்பவன் ஏதோ திருடிவிட்டவன் மாதிரி முழிப்பான். நீங்களும் நைரோபியில் இறங்கியபோது அப்படித்தான் முழித்தீர்கள். நான் அதை விமானக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மலை விளிம்பில் வண்டியை நிறுத்தி, கீழே அந்தப் பெரிய பள்ளத்தாக்கைக் காட்டினார்களே, அங்கே மாறிவிட்டீர்கள். குளிரில் பல் தந்தியடிக்க, "என்னா தங்கச்சி, பூமி இம்புட்டா கெடக்கு!" என்றீர்கள். ஏரிக்கரையில் பூநாரைகளைப் பார்த்ததும் ஒரே குதி. "இது நம்ம துபாய் ராஸ் அல் கோர் சதுப்புல நிக்கிற பயலுகதான்! பஸ்ஸுல போறப்ப பாப்பேன்." வழிகாட்டியாக வந்த கென்யாக்காரருக்கு அதை உங்கள் இங்கிலீஷில் விளக்கினீர்கள்; அவரும் ஊர்க்காரரைப் பார்த்தவர் போலக் கைகுலுக்கினார். மாராவில் முழங்கால் உயரப் புல். வெயில் தாங்காமல் ஒரு பெண்சிங்கம் நம் ஜீப்பின் நிழலில் வந்து படுத்தது. நீங்கள் மூச்சே விடவில்லை. யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தபோது பின்தங்கிய குட்டியைத் தாய் திரும்பி வந்து தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு போனது. "இத அவ பாக்கணும் தங்கச்சி" என்றீர்கள். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தும் அதையே சொன்னீர்கள், வரிக்குதிரையைப் பார்த்தும் சொன்னீர்கள்.

சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு விடுதித் தோட்டத்தின் ஓரத்துக்குப் போய் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவீர்கள். பார்த்ததையெல்லாம் மதினிக்குச் சொல்கிறார், எவ்வளவு பாசம் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன். நான் ஒரு மடச்சி!

அடுத்த லீவு வருவதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. ரூமில் காலை டீயைப் போட்டு வைத்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நம் ஆபீஸ் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு அஞ்சலி போட்டது. அதற்கு எடுத்த படம் கென்யாவில் எடுத்தது. ஜீப்புக்கு முன்னால் ஆறு பேர் நின்ற படம். நம் ஆட்கள் மட்டும் போதும் என்று யாரோ வெட்டியதில், நீங்களும் நானும் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் புல்வெளி.

ஊரில் உங்கள் அண்ணன் அதைப் பார்த்தார். அவ்வளவுதான். "யாரோ ஒரு பொம்பளையோட ஆப்பிரிக்காவுல கூத்தடிச்சிருக்கான்" என்று சாவு வீட்டிலேயே பேச்சு. நீங்கள் கட்டிக்கொடுத்த மாடியில் உட்கார்ந்து கொண்டு அந்த மனிதர் பேசியிருக்கிறார்! உங்கள் ஊரிலிருந்து இங்கே சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருப்பவர் ஒருவர் தயங்கித் தயங்கி எனக்கு போன் செய்து சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க…" தப்பா எடுத்துக்கொள்ளாமல் பின்னே எப்படி எடுத்துக்கொள்வது? இருபது வருஷமாக வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவளுக்கு இந்தப் பட்டமா?

லீவு கிடைத்ததும் முதல் வேலையாகப் பரமக்குடிப் பக்கம் உங்கள் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஒழுங்கானவள் என்பதற்குக் கட்டின புருஷனைச் சாட்சிக்கு அழைத்துப் போகிற நிலைமையை எனக்கு வைத்தீர்கள் அண்ணே. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

மதினி தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. முழுப் படத்தைப் போனில் காட்டினேன், ஆறு பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னேன். ஆபீஸ் அனுப்பிய பயணம் என்றேன். அவர் படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"இது எந்த மாசம்?"

சொன்னேன்.

"அப்ப அவரு லிவா பாலைவனத்துல கேம்ப் டூட்டின்னுல்ல சொன்னாரு. அதனாலதான் லீவு கொறஞ்சுபோச்சுன்னாரு. ஒரே மணல்காத்து, சாப்பாடு வாயில வைக்க முடியலன்னு மெசேஜ் போட்டாரு. அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு எறங்கல தெரியுமா?"

அந்த வாரம் நீங்கள் ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு தட்டு புட்டிங் வாங்கித் தின்றீர்கள்.

உங்களைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னேன். "மதினி, எந்த மிருகத்தப் பாத்தாலும் 'இத அவ பாக்கணும்'னுதான் சொன்னாரு."

அவருக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "ஒங்ககிட்டச் சொன்னாராக்கும்! எங்கிட்டச் சொல்ல என்ன நோவு? போகணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

நியாயமான கேள்வி. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க முடியாமல் என்னிடம் கேட்டார். உங்கள் அண்ணன் மீதும், லீவில் ஒரு வாரத்தைக்கூட விடாமல் பிடுங்கும் மேனேஜர் மீதும், சம்பாதிக்கப் போனவன் சந்தோஷமாக இருந்தால் குற்றம் என்று நினைக்கிற உலகத்தின் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லாரையும்விட உங்கள் மீதுதான் அதிகம். வேண்டாம் என்று சொல்லாத ஒரு மனுஷியை வீட்டில் வைத்துக்கொண்டு, அவரிடமே பயந்து பொய் சொன்னீர்களே!

கிளம்பும்போது மதினி வாசல் வரை வந்தார். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "யான நெசமாவே ரோட்டக் கடந்துச்சா?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார். ஒரு நாளைக்கு ஒரு மிருகம்தான் கேட்பார். நான் மேசையில் உட்கார்ந்து விற்கிற மாதிரி இல்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை, உங்கள் இடத்தில் இருந்து, திட்டிக்கொண்டே சுமக்கிறேன். போன வாரம் நீர்யானை. ஆற்றில் அது வாயைப் பிளந்ததும் நீங்கள் ஜீப்பில் பின்னால் சாய்ந்து என் மடியில் காபியைக் கொட்டியதைச் சொன்னேன்.

மதினி குறுக்கே கேட்டார்.

"அப்ப அவரு சிரிச்சாரா?"

"வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு மதினி. கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"சிரிச்சாருல்ல. அது போதும், பாவி மனுசன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.