நீலம் இல்லாத இதயப் படம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆபரேஷனை விளக்க நான் வரைந்த இதயப் படத்தைப் பார்த்ததும், ஒரு லாரி டிரைவர் ஆபரேஷனே வேண்டாமென்று எழுந்துவிட்டார். "பாதி ரத்தம் நீலமாயிடுச்சே, இனிமே எதுக்குய்யா வெட்டறீங்க?"

அசுத்த ரத்தத்துக்குப் புத்தகத்தில் நீலம்தான் போடுவார்கள் என்று எரிந்து விழுந்தேன்.

"ஆபரேஷன் எனக்கா, உங்க புத்தகத்துக்கா?" என்றார்.

சரியான கேள்வி. நீலத்தைத் தூக்கிவிட்டுக் கருஞ்சிவப்பில் மறுபடி வரைந்தேன். ஒழுகும் வால்வை மட்டும் பெரிதாகக் காட்டினேன்.

"அட, வாஷர்தான் போயிருக்கு!" என்று சிரித்து, ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடி முடிந்து, நேற்று தன் காலால் நடந்தே வீட்டுக்குப் போனார். அந்தப் படம் இப்போது எல்லா வார்டிலும் தொங்குகிறது அப்பா!

அடுத்து கை வரைய வேண்டும். நரம்பு புடைத்த உங்கள் புறங்கையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இங்கே கைக்குப் பஞ்சமில்லை, இருந்தாலும் அனுப்புங்கள்.

டாக்டர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகன்